எலிப்பொந்தில் ஒரு பச்சை டிக்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அக்காவை ஆபீஸ் நாற்காலியில், கம்ப்யூட்டருக்கு முன்னால், வாயில் கை வைத்தபடி உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். திரையில் ஒரு பெயரைப் பார்த்து ஆடிப் போனாள் என்பதோடு சரி. யார் பெயர் என்று சொல்லாமல் விட்டதற்கு என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பீர்கள். இப்போது சொல்லிவிடுகிறேன். அது அவள் புருஷனுடைய பெயர்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் மாட்டிக் கொடுத்து, பராமரிக்கும் கம்பெனி அது. அக்கா, அவள் புருஷன், அவள் தம்பி, மூன்று பேருக்கும் அங்கேதான் வேலை. புருஷன் சூப்பர்வைசர். தம்பி மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடுவான் என்பதால் அவனுக்கு 'எலி' என்று பேர். அவன் எல்லோர் முன்னாலும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்த புது நிர்வாகம், இனி போனில் சொன்னேன், நேரில் சொன்னேன் என்பதெல்லாம் செல்லாது, எதுவானாலும் கம்பெனியின் இணையதளத்தில் எழுது என்று உத்தரவு போட்டது. அதில் கேள்வி பதிலுக்கு ஒரு மன்றம் உண்டு. யார் வேண்டுமானாலும் சொந்தமாக வலைப்பதிவும் எழுதலாம். அதையெல்லாம் கட்டி மேய்ப்பதுதான் அக்காவின் வேலை. எலி எழுதும் பதிவுக்குப் பேர் 'எலிப்பொந்து'. குழிக்குள் கிடைத்த ஒற்றைச் செருப்பு, மோதிரம், யாரோ கிழித்துப் போட்ட கடிதம் என்று அவன் எழுதுவதைப் படித்து கம்பெனி ஆட்கள் முந்நூறு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அதில் ஒரு பதிவு, பதினாறு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் நம்பர் லிஃப்டைப் பற்றி.

'இரண்டாம் நம்பரை நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோம். தாத்தா இப்போதெல்லாம் மாடியில் நின்ற பிறகும் ஒரு விரற்கடை வழுக்குகிறார். செருப்பு தேய்ந்துவிட்டது. பிரேக்கைத் திறந்து பார்த்தேன், லைனிங் காகிதம் மாதிரி இருக்கிறது. புதுச் செருப்பு வாங்கித் தராவிட்டால் ஒருநாள் கதவு திறந்திருக்கும்போதே தாத்தா வழுக்கி விழுவார், பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு.'

நாற்பத்தொரு பேர் சிரித்துப் பின்னூட்டம் போட்டார்கள். 'தாத்தாவுக்கு ஒரு கைத்தடி கொடுங்கப்பா' என்றான் ஒருவன். 'பாட்டி எந்த மாடி?' என்றான் இன்னொருவன்.

பத்தொன்பது நாள் கழித்து, நாலாவது மாடியில், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நழுவியது. ஒரு காலை வெளியே வைத்திருந்த டீச்சர் ஒருத்தி மண்டையில் அடிபட்டு விழுந்தாள். ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. கடைசியாக அந்த லிஃப்டைப் பார்த்தவன் எலி. சர்வீஸ் கார்டில் 'ஓடுகிறது', 'ஓடவில்லை' என்று இரண்டே கட்டங்கள். அவன் 'ஓடுகிறது' என்பதில் கையெழுத்துப் போட்டிருந்தான். கார்டை வைத்து அவனை வேலையை விட்டு நிறுத்திவைத்தாகிவிட்டது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணைக் கமிட்டி.

அவனுக்கு இருக்கும் ஒரே துணை அந்தப் பதிவுதான். அதற்கு அடியில் 'பொறுப்பேற்றவர்: 1' என்று இருக்கிறது. அதிகாரி ஒருவர் பச்சை டிக்கை அமுக்கினால் 'படித்தேன், நடவடிக்கை என் பொறுப்பு' என்று அர்த்தம். அமுக்கியவர் பெயர் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். அமுக்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. அதிகாரிகள் நழுவக் கூடாது என்று அந்த விதியை யோசித்துச் சுற்றறிக்கை எழுதியவளே அக்காதான். கம்பெனி முழுக்க அதைப் படித்தது. அவள் புருஷன் படிக்கவில்லை. வீட்டில் இருப்பவள் எழுதியதை எவன் படிக்கிறான்?

மறுநாள் காலை அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி தூக்கமில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருந்தாள். விழித்த பிறகுதான் நினைவு வந்தது.

"மச்சான் எந்திரிச்சானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அவள் புருஷன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததில் விரலெல்லாம் கறுப்பு.

"மாடியில விளக்கு எரியுது."

"பாவம், பயந்துபோயிருக்கான். நாளைக்குக் கமிட்டில நான் பேசப் போறேன்னு அவன்கிட்ட சொல்லு. அவன்தான் முன்னாடியே எழுதியிருக்கானே! எவனோ ஒரு ஆபீசர் பொறுப்பும் ஏத்திருக்கான். ஏத்துக்கிட்டுக் குறட்டை விட்டவனை விட்டுட்டு எலியைப் பிடிக்கிறீங்களேன்னு மேஜையத் தட்டிக் கேட்பேன்."

அக்கா டம்ளரை மேடைமேல் வைத்தாள். "அந்தப் பதிவை நீங்க எப்ப படிச்சீங்க?"

"முந்தாநேத்துதான். அப்பல்லாம் எங்க நேரம்? ஆனா ஒண்ணு, அவன் எழுதினது எதையும் நான் கண்டுக்காம விட்டதில்ல."

அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. கல்யாணம் ஆன புதிதில், அப்பா இல்லாத இந்தத் தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு வரலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "இதுல கேட்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சொன்ன முகம் அது. அவளுக்கு அழுகை வந்தது. டீயை வடிகட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ஆபீஸ் என்றும் இல்லாத அமைதியாக இருந்தது. மற்ற நாட்களில் ஒன்பதரைக்குள் மன்றத்தில் ஐம்பது அறுபது பேர் எழுதியிருப்பார்கள்: கயிறு வரவில்லை, எண்ணெய் தீர்ந்துவிட்டது, என் ஸ்பேனரை எடுத்த புண்ணியவான் யார் என்று. இன்றைக்கு ஒரு வரி இல்லை. ஆனால் 'இப்போது உள்ளே இருப்பவர்கள்' என்ற இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்து என்ன செய்கிறார்கள்?

அக்கா பார்த்தாள். எல்லோரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். தாத்தாவைப் பற்றிய பதிவைப் படித்தவர் எண்ணிக்கை அவள் பார்க்கப் பார்க்க ஏறியது. யாரும் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு வேறொன்றைக் கவனித்தாள். நாற்பத்தொரு பின்னூட்டம் முப்பத்தெட்டாகியிருந்தது. கைத்தடியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பாட்டியையும் காணோம். முப்பது, இருபத்தாறு, இருபது. ஆளாளுக்கு வந்து தங்கள் சிரிப்பைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எதிர் மேஜை கணக்குப்பிள்ளை அவள் நிமிர்ந்ததும் சட்டென்று குனிந்துகொண்டார். அவருடையதும் ஒன்று அதில் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

பதினோரு மணிக்குள் ஒரு சிரிப்பும் மிச்சமில்லை. எலி எழுதியதும் அதற்கு அடியில் அந்த ஒற்றை டிக்கும் மட்டும் நின்றன.

மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தானே கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தாத மனிதர். அவர் கத்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"தளத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணணும்மா. இந்த வலைப்பதிவெல்லாம் வேடிக்கைக்கு எழுதறது. கம்பெனி ஆவணம் இல்ல. கமிட்டிக்கு வெளியில இருந்தும் ரெண்டு பேர் வர்றாங்க. நாலு மணிக்குள்ள எலிப்பொந்தை மொத்தமா எடுத்துடுங்க."

"அதுலதான் சார் அவன் முன்கூட்டியே எழுதியிருக்கான். அதை எடுத்துட்டா அவனுக்கு என்ன இருக்கு?"

"அது இருந்தா கம்பெனிக்குப் பத்தொன்பது நாள் முன்னாடியே தெரியும்னு ஆகும். கம்பெனின்னா யாரு? யாரோ ஒரு ஆபீசர்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிக் போட்டது யாருன்னு நான் பார்க்கல. பார்க்கவும் மாட்டேன். நீங்க பார்த்திருப்பீங்க."

அக்கா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாலயும் அழிக்க முடியும். ஆனா அழிச்சது யாருன்னு தளத்துல பதிவாகுமே. எதுக்கு என் பேர்? உங்க வேலை அது, நீங்க செஞ்சா யாருக்கும் தப்பாத் தெரியாது. நல்லா யோசிங்க. தம்பிக்குப் போனா ஒரு வேலை. இன்னொருத்தருக்குப் போனா..." வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அவள் இடத்துக்கு வந்தபோது எலி அங்கே நின்றுகொண்டிருந்தான். வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி இருக்கே? எனக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான் எழுதியிருக்கேன்ல? நம்ம தளத்துல டிக் விழுந்தது அழியாதுன்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுத்தே!"

"கார்டுல ஏன்டா 'ஓடுகிறது'ன்னு போட்டே?"

"ஓடிச்சே! வேற எங்க எழுதறது, கார்டு ஓரத்துலயா?" என்றவன், பக்கத்து மேஜையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எழுதின அன்னிக்கே மேல போய்க் கேட்கலாம்னுதான்கா இருந்தேன். ரெண்டு நிமிஷத்துல டிக் விழுந்துடுச்சு. அப்பாடா, ஆர்டர் போயிடும்னு விட்டுட்டேன். அந்த டிக் விழாம இருந்தா தினம் போய்க் கழுத்தறுத்திருப்பேன். அந்தம்மா நடந்துக்கிட்டிருப்பாங்க."

அவன் கண் கலங்கியது. சட்டென்று முகம் இறுகியது.

"யாருக்கா அது? உனக்குத் தெரியும்ல? படிக்காம அமுக்கிட்டுப் போன அந்த ஆளை நான் ஒருதடவை நேர்ல பார்க்கணும்."

"இன்னும் பார்க்கலடா," என்றாள் அக்கா. தம்பியிடம் அவள் சொன்ன முதல் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் அவனுக்காகச் சொன்னது. "வீட்டுக்குப் போ. ஏதாவது சாப்பிடு."

அவன் போன பிறகு அவள் பட்டியலைத் திறந்தாள். எலி இதுவரை எழுதியது அறுபத்து மூன்று பதிவுகள். அறுபத்து மூன்றிலும் அவள் புருஷனுடைய பச்சை டிக். ஒற்றைச் செருப்புக்கும் டிக், மோதிரத்துக்கும் டிக். கிழிந்த கடிதத்துக்கும் பொறுப்பேற்றிருந்தார் மனிதர். வேறு நாளாக இருந்தால் சிரித்துப் புரண்டிருப்பாள்.

மூன்றரை மணிக்குப் புருஷனைப் போனில் கூப்பிட்டாள். அவர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து படித்தார். "என் பேர் எதுக்கு இங்க இருக்கு?"

"நீங்கதான் டிக் போட்டீங்க."

"நான் எங்க போட்டேன்? இந்தப் பச்சையா? இது..." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இது பிடிச்சிருக்குன்னு சொல்றதில்லையா?"

"இல்லீங்க."

"நம்ம மச்சான் எழுதறான், நாம அமுக்கலேன்னா நல்லா இருக்காதேன்னுதான்... எல்லாத்தையும் அமுக்கினேன்."

"தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாலிஷ் கறை இன்னும் நகத்தில் இருந்தது. அதைச் சுரண்ட ஆரம்பித்தார். மேனேஜர் சொன்னதையும் அக்கா சொன்னாள். கெடு நாலு மணி என்பதையும் சொன்னாள்.

"அழிக்காதே," என்றார் கடைசியில். குரல் தடுமாறவில்லை. "தப்பு என்னுது. நாளைக்குக் கமிட்டில நானே சொல்லிடறேன். மிஞ்சி மிஞ்சிப் போனா என்ன, வேலை போகும். என் கைத் தப்புக்கு அவனைப் பலிகடா ஆக்கினா நான் மனுஷனா?"

அக்காவுக்கு இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், ஆபீஸில், எதிர் மேஜை பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பதுக்கு மன்றத்தில் அன்றைய முதல் வரி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்த ஆபீஸ் ஆள் எழுதியிருந்தான்.

'டீச்சர் சற்று முன் காலமானார். போலீஸ் வந்திருக்கிறது.'

அறையின் அந்தக் கோடியில் யாரோ "ஐயோ" என்றார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அக்காவின் கண் நிறைந்தது. பெயரைக்கூட யாரும் எழுதவில்லையே என்று நினைத்தாள். அப்போதுதான் தன் கைக்குள் இருந்த கை விலகிப் போயிருப்பதை உணர்ந்தாள்.

"போலீஸ்னா..." என்றார் அவர். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போலீஸ்னா ஜெயில்."

"தெரியாம அமுக்கினதுன்னு சொல்லலாம்."

"பொறுப்பு என்னுதுன்னு எழுதியிருக்கே. நீ எழுதினதுதானே? தெரியலன்னா விட்டுடுவாங்களா?"

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மணி என்ன?"

"மூணு அம்பத்தி நாலு."

பிறகு வெளியே வந்த குரல், பதினோரு வருஷத்தில் அவள் கேட்டிராத குரல்.

"மேனேஜர் சொன்னதைச் செஞ்சிடு."

"என்ன சொல்றீங்க?"

"அவனுக்கு வயசு இருக்கு. தனி ஆள். கார்டுல கையெழுத்தும் அவன்துதான். வக்கீல் வெச்சு வெளியில எடுத்துடலாம், எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கறேன். நான் உள்ள போனா உனக்கு யாரு இருக்கா?"

"அதை எடுத்துட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

"அமுக்கு."

"மாட்டேன்."

"அப்ப எந்திரி. நான் அமுக்கறேன்."

அக்கா எழுந்திருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் எழுந்திரு என்று சொல்லி அவள் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை. மௌஸின்மேல் கை அப்படியே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. எலி. அவனுக்கும் செய்தி போயிருக்கிறது. எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

"அக்கா, அந்தம்மா போயிட்டாங்கக்கா. மாமா பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடு. அவர் பேசினாத்தான் எனக்குத் தைரியம்."

அக்கா போனை நீட்டினாள். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"மாமா, டிக் போட்டவன் யாருன்னு அக்கா பார்த்துட்டாளா மாமா? இப்பவாவது சொல்லச் சொல்லுங்க. போலீஸ் என்னைத் தேடித்தான் வருவாங்க."

அந்தக் குரல் அக்காவுக்கும் கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் ஒழுங்காகக் கடந்துவிடு, அப்புறம் ஜெயில் வாசலில் வருஷக்கணக்காக நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன் என்று நினைத்தாள்.

"இன்னும் தெரியலப்பா," என்றார் அவர்.

அக்கா எட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, யாருன்னு எனக்குத் தெரியும். நீ கேட்டப்பவே தெரியும். போன்ல சொல்ற பேர் இல்ல. நீ இப்பவே கிளம்பி இங்க வா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்க்கா. ஏன், யாருக்கா?"

"வா. நீ வர்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

போனை வைத்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நீ யார் பக்கம்?" என்று கேட்டார்.

"கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் நாம மூணு பேரும் ஒரே பக்கம்தாங்க இருந்தோம்."

அவர் எழுந்தார். நாற்காலியை, அது இருந்த இடத்தில், சத்தமில்லாமல் திருப்பி வைத்தார். எதிலும் ஒழுங்கு தவறாதவர் அவர். வெளியே போகிற படிக்கட்டு இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் ஒரே ஓர் அறைதான் உண்டு.

மேனேஜரின் கதவு தட்டப்படுவது கேட்டது. திறந்தது. சாத்திக்கொண்டது.

திரையில் எலியின் பதிவு இன்னும் இருந்தது. அக்கா மணியைப் பார்த்தாள். நாலாக ஒரு நிமிஷம் இருந்தது. தம்பி இப்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான்.